மீசை வைத்த மணப்பெண்ணும் வெட்டுப்பட்ட தலையும்

பொருளை விற்பது ஒரு வேலை. பொருளோடு அதன் கதையையும் சேர்த்து விற்கச் சொன்னால் அது இரண்டு வேலை, ஆனால் ஆள் ஒருவன்தான். வளைகுடாக் கடைகளில் பத்து மணி நேரம் கால் கடுக்க நின்று, வராத சிரிப்பை வரவழைத்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இரண்டாயிரத்தைத் தாண்டிய முதல் சில ஆண்டுகளில் அல் ஐனில் ஓர் இத்தாலியக் கலைப்பொருள் கடையில் இருந்தேன். பீங்கான், கண்ணாடி, சுடுமண் சாமான்கள். விசாவில் எனக்கு ஹெல்பர் என்று போட்டிருந்தது. பார்த்ததோ சேல்ஸ்மேன் வேலை. ஹெல்பருக்குக் குடும்ப விசா கிடைக்காது. மனைவியும் மகளும் தென்காசியில் இருந்தார்கள். ஒருநாள் மேனேஜர் ஜோசப் சார் தடித்த ஃபைல் ஒன்றை என்னிடம் நீட்டினார். ஒவ்வொரு பொருளுக்கும் அது பிறந்த ஊரின் கதை அதில் இருந்தது. மனப்பாடம் செய்து கஸ்டமரிடம் சொல்ல வேண்டும்; ஒழுங்காகச் சொன்னால் விசாவில் சேல்ஸ்மேன் என்று மாற்றச் சொல்லி அர்பாபுக்குக் கடிதம் எழுதுகிறேன் என்றார். அர்பாப் என்பவர் கடையின் உள்ளூர் முதலாளி, எங்கள் எல்லோருக்கும் ஸ்பான்சர். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குக்கூட நான் அப்படிப் படித்ததில்லை.

நேப்பிள்ஸ் மிளகாய்

முதலில் மாட்டிக்கொண்டது ஒரு சென்னை இன்ஜினியர். சிவப்புப் பவளத்தில் சிறிய கொம்பு ஒன்றைக் கையில் எடுத்து, மிளகாயா என்று கேட்டார். கொம்பு சார், நேப்பிள்ஸ்காரர்கள் கண் திருஷ்டிக்கு வைத்துக்கொள்வது என்றேன். அவருக்கு ஒரே சந்தோஷம். புது வண்டியில் எலுமிச்சை மிளகாய் கட்டினால் ஆபீஸில் சிரிக்கிறார்கள், இதைத் தொங்கவிட்டால் யாருக்கும் தெரியாது என்று பர்ஸை எடுத்தார். நான் அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். ஃபைலில் இருந்த அடுத்த வரியையும் ஒப்பித்தேன்: தனக்குத் தானே வாங்கினால் பலிக்காது, இன்னொருவர் பரிசாகத் தந்தால்தான் பலிக்கும். அவர் பர்ஸை மூடிவிட்டுப் போய்விட்டார். கதை சொல்லச் சொன்னேனா, கஸ்டமரைத் துரத்தச் சொன்னேனா என்று ஜோசப் சார் கேட்டார். 

மறுநாள் இன்ஜினியர் ஒரு நண்பரைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஆளுக்கொரு கொம்பு வாங்கி, என் கண்ணெதிரிலேயே மாற்றிக்கொண்டார்கள். போகும்போது நண்பரைக் காட்டிச் சொன்னார்: "நாளைக்கு வண்டி எங்கயாவது இடிச்சா நான் இன்சூரன்ஸ்காரன்கிட்டப் போக மாட்டேன், நேரா இவன் வீட்டுக்குத்தான் போவேன்."

மணப்பெண்ணுக்கு மீசை

கோடவுனில் பெட்டி பிரித்து அடுக்குபவர் முருகையன். அறந்தாங்கிக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், வேலையில் படு சுத்தம். ஒரு சரக்கில் தென் இத்தாலியின் கிரோத்தாலியே என்ற ஊரிலிருந்து ஆறு பொம்மைகள் வந்தன. மணப்பெண் உருவத்தில் செய்த ஜாடிகள்; ஆறு பெண்களுக்கும் மீசை. வர்ணம் அடித்தவன் தூங்கிவிட்டான் போல என்று முருகையன் நினைத்தார். கடை பெயர் கெடக்கூடாதே என்று ஆபீஸ் ஒயிட்னரை எடுத்து ஆறு மீசைகளையும் அழித்துவிட்டார். அதைப் பார்க்காமலே நான் ஷோகேஸில் வைத்தேன். ஜோசப் சார் பார்த்தார். அன்றைக்கு அனுப்ப வைத்திருந்த என் கடிதம் மேஜை டிராயருக்குள் போனது. ஒரு மாதம் வெளியே வரவில்லை.

முருகையன் மேல் எனக்குக் கோபம்தான். ஆனாலும் இரண்டு பேரும் உட்கார்ந்து நகத்தால் ஒயிட்னரைச் சுரண்டியபோது கதையைச் சொன்னேன். அந்த ஊர்ப் பிரபு, புதுப்பெண்கள் எல்லோரும் முதல் ராத்திரி தன் மாளிகைக்கு வர வேண்டும் என்று உத்தரவு போட்டிருந்தானாம். ஒரு மாப்பிள்ளை, பெண்ணை அனுப்பாமல் தானே அவள் உடுப்பைப் போட்டுக்கொண்டு போனான். ஆனால் மீசையை மழிக்கவில்லை, மாட்டிக்கொண்டான். முருகையன் பொம்மையின் மீசையை விரலால் துடைத்துவிட்டுச் சொன்னார்: "பொண்ணு வேசம் போடத் துணிஞ்சவனுக்கு மீசையை எடுக்க மனசு வரல பாரு தம்பி, அவன் நம்ம பக்கத்து ஆளுதான்."

தீவை விட்டுப் போகாதே

முரானோ கண்ணாடிக்கு என்னிடம் நீளமான கதை இருந்தது. வெனிஸ்காரர்கள் உலை நெருப்புக்குப் பயந்து, கண்ணாடி செய்பவர்களை எல்லாம் பக்கத்துத் தீவில் குடிவைத்தார்கள். மரியாதைக்குக் குறைவில்லை, அவர்கள் பெண்ணைப் பிரபு வீட்டில்கூடக் கட்டிக்கொடுக்கலாம். ஆனால் தொழில் ரகசியம் வெளியே போய்விடும் என்பதால் ஊரை விட்டு மட்டும் போகக்கூடாது. இதை ஒரு நாள், தன் முதலாளி வீட்டுக்குச் சரவிளக்கு எடுக்க வந்த பேஷாவர் டிரைவர் ஒருவருக்கு என் அரைகுறை ஹிந்தியில் சொன்னேன். அவர் கையெழுத்துப் போட்டுக்கொண்டே கேட்டார்: "அச்சா பாய், அவங்க பாஸ்போர்ட்டும் கம்பெனி அலமாரியிலதான் இருந்துச்சா?"

பலெர்மோவின் தலை

ஒருவழியாகக் கடிதம் அர்பாபின் மேஜைக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே மூன்று மாதம் கிடந்தது. கேட்டால் இன்ஷா அல்லா என்பார்கள். அதற்கு மேல் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

ஒரு வியாழக்கிழமை மதியம் அர்பாப் தன் தாயாரோடு கடைக்கு வந்தார். ஜோசப் சார் துபாய் போயிருந்தார். அர்பாப் மொபைலில் பேசிக்கொண்டிருக்க, அந்த அம்மாள் நேராகச் சிசிலிப் பூந்தொட்டியின் முன்னால் போய் நின்றார். தலைப்பாகை கட்டிய ஓர் ஆணின் தலைதான் அந்தத் தொட்டி. இது யார் என்று உருதுவில் கேட்டார். என் வாய் பழக்கத்தில் ஓட ஆரம்பித்துவிட்டது. பலெர்மோவில் ஒரு பெண் மாடியில் செடி வளர்த்தாள். அரபு தேசத்திலிருந்து வந்த ஒருவன் அவளைப் பார்த்து ஆசைப்பட்டான், அவளும் விரும்பினாள். அவனுக்கு ஊரில் பெண்டாட்டி பிள்ளைகள் இருப்பது பிறகுதான் தெரிந்தது. யாரிடம் என்ன சொல்கிறோம் என்று எனக்கு நினைவு வந்தபோது தலை ஏற்கெனவே துண்டாகி, அவள் அதில் ரைஹான் என்கிற துளசி ஜாதிச் செடியும் நட்டுவிட்டிருந்தாள்.

அர்பாப் மொபைலை மூடினார். விசா போயிற்று, வேலையும் போயிற்று என்றுதான் நினைத்தேன்.  அந்த அம்மாளோ, அவன் வீட்டை விட்டு வந்து எத்தனை வருஷம் என்று விசாரித்தார். ஃபைலில் அது இல்லை, தெரியாது மேடம் என்றேன். உன் குடும்பம் எங்கே என்றார். இந்தியாவில், நான்கு வருஷம், நடுவில் ஒரே ஒரு லீவ், மகளுக்கு என்னைப் போன் குரலாகத்தான் தெரியும் என்றேன். ஏன் கூட்டிவரவில்லை என்றார். விசாவில் ஹெல்பர் என்றும், கடிதம் மேஜையில் இருக்கிறது என்றும் சொன்னேன். எந்த மேஜை என்று சொல்லவில்லை. ஆனால் என் கண் அர்பாபின் பக்கம் போனதை அந்த அம்மாள் பார்த்துவிட்டார்.

தொட்டியை அவர் வாங்கவில்லை. வாசல்வரை போய் நின்று, மகனிடம் அரபியில், எனக்கும் புரியும்படி நிதானமாகச் சொன்னார்: "இவன் தலையில் எவளாவது ரைஹான் நடுவதற்குள் அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடு."

ஐந்து மாதம் கழித்து மனைவியும் மகளும் வந்து இறங்கினார்கள். முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் நாள் முழுக்கக் கதை சொன்ன எனக்கு, அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டு யார் இது என்று கேட்ட மகளிடம் சொல்ல ஒரு வார்த்தை வரவில்லை.