ஏர்கோன் இல்லாத தவக்காலம்

எங்கள் வீட்டு வாசல் மேற்குப் பார்த்தது. ஜெலுத்தோங்கில் வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒற்றைத் தள வீடுகளில் ஒன்று. வாங்கும்போது நல்ல காற்று வரும் என்று சொன்னார்கள். காற்று வந்ததோ இல்லையோ, மதியம் ஒரு மணிக்கு மேல் வெயில் தவறாமல் வந்துகொண்டிருந்தது. இதுவும் என் மனைவி சொல்லித்தான் தெரியும். அந்த நேரத்தில் நான் வீட்டில் இருந்ததே இல்லை.

பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் நான் டெக்னிஷியன். அங்கே இயந்திரங்களுக்குச் சூடு ஆகாது. அதனால் மனிதர்களுக்கும் வியர்ப்பதில்லை. சனிக்கிழமையும் வேலை உண்டு. ஞாயிறு பூசை முடிந்ததும் மனைவியைப் பேரங்காடிக்குக் கூட்டிப்போய், ஒன்றும் வாங்காமல் மாலைவரை நாலு மாடியும் நடக்க வைப்பேன். ஆக, வாரத்தின் ஏழு மதியங்களையும் அடுத்தவர் கட்டும் மின்கட்டணத்தில் கழித்துக்கொண்டு, வீட்டுக்கு ஏர்கோன் எதற்கு என்று கேட்கிற ஆளாக நான் இருந்தேன்.

என் மனைவி வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறாள். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் எட்டுப் பேர், திங்கள் முதல் சனி வரை, மதியம் இரண்டரையிலிருந்து ஐந்துவரை. இடம் எங்கள் முன்கூடம். பிப்ரவரி பிறந்து மழை நின்றதும் அவள் கேட்டாள்.

"ஹாலுக்கு மட்டும் ஒரு ஏர்கோன் போடலாமாங்க? பிள்ளைங்க கணக்கு நோட்டுல வேர்வை சொட்டுது."

"இது தவக்காலம். இந்த நாப்பது நாள் ஒரு சுகத்த விட்டுக் குடுக்கணும். நாம ஏர்கோன விட்டுக் குடுப்போம்" என்றேன்.

"இல்லாத ஏர்கோன எப்படிங்க விட்டுக் குடுக்கிறது?"

இறையியலில் நான் அவ்வளவு ஆழமாகப் போனதில்லை. கைத்தொலைபேசியைத் திறந்து காணொளி பார்க்க ஆரம்பித்தேன். செலவே இல்லாமல் வீட்டைக் குளிர வைப்பது எப்படி என்று உலகம் முழுவதும் ஆண்கள் விளக்கிக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் ஏணிமேல் நின்றார்கள். எவருடைய மனைவியும் படத்தில் இல்லை.

முதலில் அலுமினியத் தாள், கேக் சுடும்போது தட்டில் விரிப்பார்களே அதுதான். ஒரு சனிக்கிழமை வேலை முடிந்து வந்து, முன்பக்கச் சன்னல்கள் முழுவதிலும் பளபளப்புப் பக்கம் வெளியே தெரியும்படி ஒட்டினேன். வீடு அடுப்பில் வைக்கத் தயாரான மீன் பொட்டலம்போல இருந்தது. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை வேலை முடிந்து வந்தபோது எதிர்வீட்டு அண்ணன் எங்கள் வாசலில் நின்றார். கண் சிவந்திருந்தது. அவருக்கு நகரத்தில் சோறும் குழம்பும் விற்கும் நாசி கண்டார் கடை. அந்த ஆண்டு தவக்காலமும் நோன்பு மாதமும் சேர்ந்தே வந்திருந்தன. அவர் விடியவிடியக் கடையில் நின்று, நோன்பு பிடிப்பவர்கள் விடியலுக்கு முன் உண்ணும் ஸஹர் சாப்பாட்டு வியாபாரத்தையும் முடித்துவிட்டு வருவார். மதியத்துக்கு மேல் தம்பி கடையைப் பார்த்துக்கொள்ள, நோன்பு திறக்கும்வரை முன்னறையில் படுத்திருப்பார். எங்கள் சன்னலுக்கு நேர் எதிரே இருந்தது அந்த அறை.

"தம்பி, நோம்பு வச்சிருக்கேன். தண்ணி வேணாம்னு இருக்கேன், சாப்பாடு வேணாம்னு இருக்கேன். ஒரு மணி நேரம் தூங்க விடக்கூடாதா?" என்றார். "என் ரூம் எப்பவும் சாயங்காலம் நெழலாத்தான் இருக்கும். நேத்துலேர்ந்து அஞ்சு மணிக்கு சூரியன் ரெண்டு பக்கமும் வருது லா."

"அது வெயில திருப்பி அனுப்புது அண்ணே" என்று விளக்கினேன்.

"தெரியுது தம்பி. எங்கிட்டதான் அனுப்புது."

அன்றே தாளைக் கிழித்தேன். பசை கண்ணாடியிலேயே தங்கிவிட்டது. மறுநாள் என் மனைவி இரண்டு மணி நேரம் சுரண்டினாள். சுரண்டிய கத்தியை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும். எதிர்வீட்டு அக்கா மட்டும், கணவர் சண்டை போட்டுவிட்டாரோ என்ற கவலையில், மாலை ஒரு பாத்திரம் நோன்புக் கஞ்சி கொடுத்தனுப்பினார்.

இரண்டாவது திட்டம் கூரைக்குத் தண்ணீர். பழைய ரப்பர் குழாயில் ஆணியால் ஓட்டை போட்டு, ஓட்டு முகட்டில் நீளமாகக் கிடத்தி, பின்பக்கப் பைப்பில் இணைக்க வேண்டும். மதியம் திறந்துவிட்டால் ஓடு நனைந்து வீடு குளிரும். காணொளியில் ஒரு பெரியவர் செய்துகாட்டினார். ஆள் ஒல்லி. நான் ஒல்லி இல்லை என்பதை அந்த நேரத்தில் யோசிக்கவில்லை.

"மழையில்லாம அணையில தண்ணி கொறைஞ்சு போச்சாம். சிக்கனமா இருங்கன்னு சொல்றாங்க. நீங்க கூரையக் குளிப்பாட்டப் போறீங்களா?" என்று கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டே மனைவி கேட்டாள்.

"அரை மணி நேரந்தான். நாளைக்கு மதியம் நீயே எனக்கு நன்றி சொல்லுவ" என்றேன் மேலிருந்து. காலடியில் ஏதோ 'டக்' என்றது. பொருட்படுத்தவில்லை.

மூன்று நாள் அவள் ஒன்றரை மணிக்குத் தண்ணீர் திறந்தாள். கொஞ்சம் பரவாயில்லை என்று அவளே சொன்னாள். தொழிற்சாலைச் சிற்றுண்டிச்சாலையில் நாலு பேருக்கு இதைச் செய்யச் சொல்லி நான் ஆலோசனை வழங்கினேன். ஒருவர் புக்கிட் தெங்காவில் இருக்கும் தன் மைத்துனருக்கும் சொல்வதாகக் குழாயின் அளவைக் குறித்துக்கொண்டார்.

நாலாம் நாள் மூன்று மணிக்கு மனைவி அழைத்தாள். வேலை நேரத்தில் அவள் அழைப்பதே இல்லை.

"பயப்படாதீங்க, யாருக்கும் ஒண்ணும் ஆகல" என்று ஆரம்பித்தாள். பின்னால் பிள்ளைகள் உற்சாகமாகக் கத்துவது கேட்டது. "சீலிங் பலகை ஊறிப்போய் மேசை மேல விழுந்துருச்சு. நல்லவேளை, எல்லாரையும் சுவத்துப் பக்கம் வாய்ப்பாடு ஒப்பிக்க நிக்க வச்சிருந்தேன். இப்ப ஹால்ல காத்தோட்டம் நல்லா இருக்கு. ஓட்டு விரிசல் வழியா வானமும் கொஞ்சம் தெரியுது."

நான் போய்ச் சேர்வதற்குள் எதிர்வீட்டு அக்கா வந்து பிள்ளைகளைப் புத்தகத்தோடு தன் வீட்டுக்கு அழைத்துப் போயிருந்தார். அவர் கூடத்தில் ஏர்கோன் இருந்தது. "சரியாகுற வரைக்கும் இங்கேயே வச்சிக்க தங்கச்சி, அவரு பின் ரூம்ல படுத்துக்குவாரு" என்று சொல்லிவிட்டாராம்.

சரிசெய்ய வந்த காண்டிராக்டர் ஓட்டையும் பலகையையும் பார்த்து ஒரு விலை சொன்னார். அந்த விலைக்கு ஏர்கோன் வாங்கியிருக்கலாம் என்று சொல்ல வேண்டிய தேவை என் மனைவிக்கு வரவில்லை, என் முகத்திலேயே எழுதியிருந்தது. வேலையாளைத் தனியே விட்டால் பொருளை வீணடிப்பான் என்ற சிக்கன நோக்கத்தில் இரண்டு நாள் விடுப்பு எடுத்து நானே பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அப்படித்தான் என் வீட்டு மதியத்தை முதல்முறையாகப் பார்த்தேன். ஒரு மணிக்கு வெயில் வாசற்படியில் கால் வைத்தது. இரண்டு மணிக்கு நாற்காலியின் மரக்கை சுட்டது. காற்றாடியின் வேகத்தை ஐந்தில் வைத்தேன், அது சூட்டையே வாரி முகத்தில் அடித்தது. குழாயைத் திறந்து முகம் கழுவப் போனால் தேநீர் கலக்கலாம்போல வெந்நீர் வந்தது. சட்டையைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். தரையும் சுட்டது.

ஏணிமேல் நின்ற காண்டிராக்டர் குனிந்து பார்த்தார். "அண்ணே, இந்த நேரத்துல இங்க யாரு இருப்பா?"

"என் சம்சாரம். எட்டுப் பிள்ளைங்களும்."

"தினமுமா?"

"தினமும்."

அவர் மறுபடி வேலையைப் பார்த்தார். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

மூன்றரை மணிக்குத் தாங்க முடியாமல் சட்டையை மாட்டிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன். கதவு ஒருக்களித்திருந்தது. என் மனைவி வெண்பலகை முன்னால் நின்று பின்னம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு ரொட்டியை எட்டாக வெட்டும் கணக்கு. கடைசித் துண்டு யாருக்கு என்று பிள்ளைகள் சண்டை போட, அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அவள் வகுப்பெடுத்து நான் பார்த்ததில்லை. சாயங்காலம் நான் வீடு திரும்பும்போது பார்க்கும், நெற்றியில் முடி ஒட்டிய, கேட்டால் மட்டும் பதில் சொல்லும் பெண்ணை எனக்குத் தெரியும். அது களைப்பு என்று இத்தனை வருடமும் தோன்றவில்லை. அவள் சுபாவமே அப்படி என்று முடிவுகட்டி வைத்திருந்தேன்.

என்னைப் பார்த்ததும் பக்கத்திலிருந்த துண்டை எடுத்து நீட்டினாள்.

"ஏங்க, இப்படி வேர்த்திருக்கு? ஒடம்புக்கு முடியலையா?"

"முடியல" என்றேன். "உனக்கு எப்படி முடிஞ்சுச்சு?"

அவள் பிள்ளைகளைப் பார்த்தாள். "அத வீட்டுல பேசிக்கலாம். எல்லாரும் நோட்ட எடுங்க."

வீட்டில் பேசினோம். அதிகம் பேசியது அவள்தான். நான் சரி, சரி என்றேன், ஒன்றிரண்டு இடத்தில் மன்னிப்பும் கேட்டேன். பெருநாளுக்குச் சொந்தக்காரர்கள் வந்து எதிர்வீடு நிரம்புவதற்குள் எங்கள் கூடத்தில் ஏர்கோன் மாட்டியாகிவிட்டது. எந்தச் சுவர், எந்த உயரம், எந்த அளவு எல்லாம் அவள் சொன்னபடி. மலிவான ஒன்றை நான் காட்டியபோது கடைக்காரரும் அவளைத்தான் பார்த்தார்.

பெருநாள் விடுமுறைக்குப் பிறகு ஒரு சனிக்கிழமை எனக்கு அதிசயமாக ஓய்வு கிடைத்தது. மதியம் கூடத்தில் வகுப்பு. உள்ளே குளிர்ச்சியாக இருந்தது. பிள்ளைகளுக்குப் பின்னால் ஒரு நாற்காலியைப் போட்டு மெல்ல உட்கார்ந்தேன். ஒரு குட்டிப் பெண் திரும்பித் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்ததில் கணக்குத் தப்பானது.

"ஏங்க, நீங்க இருந்தா இதுங்க படிக்காதுங்க" என்றாள் மனைவி. "கொஞ்சம் அடுப்படிப் பக்கம் போய் உக்காருங்க. கதவச் சாத்திட்டுப் போங்க, குளிரெல்லாம் வெளிய போகுது."

கதவைச் சாத்திவிட்டுச் சமையலறைக்குப் போனேன். மேசைமேல் இராத்திரிக் குழம்புக்கு வெண்டைக்காய் இருந்தது. சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, வியர்க்க வியர்க்க நறுக்க ஆரம்பித்தேன்.