சிக்காமல் ஓடிய கேம்

ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையின் பெயின்ட் பிரிவில், கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. பெயின்ட் புகையை வெளியே இழுக்கும் ஃபேன் நின்றுவிட்டால் அந்தக் கம்ப்யூட்டர் அலறும். ஒருநாளும் அலறியதில்லை. அந்தத் தைரியத்தில், மொபைல் கேமைக் கம்ப்யூட்டரில் ஓடவைக்கும் எமுலேட்டரை அதில் போட்டு, துப்பாக்கி கேம் ஆடிக்கொண்டிருந்தேன். சரியாகச் சுடும் நேரத்தில் சிக்கிக்கொண்டு நிற்கும். எரிச்சலாக வரும்.

அன்று காலை ஷிஃப்டில், மெமரியைத் தின்றுகொண்டிருந்தவற்றை எல்லாம் மூடினேன். ஃபேனைக் கண்காணிக்கும் சாஃப்ட்வேரையும் சேர்த்துத்தான். பத்து நிமிஷத்தில் என்ன ஆகிவிடப்போகிறது என்று நினைத்தேன். கேம் அருமையாக ஓடியது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரோ கத்தினார்கள். பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த மஞ்சுளா அக்கா தரையில் கிடந்தார். ஃபேன் நின்றிருந்தது. எல்லோரும் அவரைத் தூக்க ஓடினார்கள். நான் ஓடவில்லை. முதலில் கேமை மூடினேன். சாஃப்ட்வேரைத் திறந்து, ஃபேனை ஓடவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் போனேன்.

"இன்னாம்மா, காலையில துன்னியா இல்லியா?" என்றார் சூப்பர்வைசர்.

"இல்ல சார். பஸ்ஸு பூடும்னு துன்னாம ஓடியாந்துட்டேன். என் தப்புதான்" என்றார் அக்கா, மூச்சு வாங்கிக்கொண்டே.

அதையே எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். உடம்புக்கு முடியாதவர் என்று மறுவாரமே அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

போகும்போது கேட்டில் அக்கா என்னைப் பார்த்து நின்றார்.

"தம்பி, நீயாச்சும் வேளாவேளைக்குத் துன்னு."

தலையாட்டினேன். அக்கா இன்றும் தன் பசியைத்தான் திட்டிக்கொண்டிருப்பார்.