கம்பைநல்லூரில் கொடுத்த ராணி

போன ஞாயிறு மாதேசன் என் பஞ்சர் கடைக்கு வந்தான். கையில் போன். சட்டைப் பையில் மடித்த காலண்டர் தாள்.

என்ன தாள் என்று எனக்குத் தெரியும். கேட்கவில்லை.

அவன் பொம்மிடியில் தக்காளி வண்டி ஓட்டுகிறான். நான் கடத்தூரில் டயர் ஒட்டுகிறேன். இருபது வருஷத்துக்கு மேல் ஞாயிறு மத்தியானம் செஸ். இரண்டு பேருமே எட்டாவது தாண்டவில்லை. பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கிய இங்கிலீஷ் செஸ் புத்தகம் ஒன்று இருக்கிறது. பெரிய ஆட்டக்காரர்களின் அந்தக் காலத்து ஆட்டங்கள். எழுத்து புரியாது. ஆட்டக் குறிப்பு புரியும். காய் நகர்த்துவதை அடி என்போம்; அருமையான அடி என்றால் பக்கத்தில் இரண்டு ஆச்சரியக்குறி போட்டிருக்கும். அதைப் பார்த்தால் போதும்... டீ ஆறிப் போகும்.

இரண்டு மாசமாக அந்த அடிகளைப் போனில் தானே கணக்குப் போட்டு அடி சொல்கிற செஸ் இன்ஜினிடம் சோதித்துப் பார்க்கிறோம். அடிக்கு முந்தின நிலையில் காய்களை அடுக்குவோம். நீ என்ன ஆடுவாய் என்று விடுவோம்.

ஒரு ஆட்டத்தில் யானையைச் சும்மா கொடுக்கிறார் ஒருத்தர். இன்ஜின் உடனே அதையே சொன்னது. அடுத்ததில் பத்து நிமிஷம் வேண்டாம் வேண்டாம் என்றது. போன் சூடான பிறகு மனசு மாறியது. மூன்றாவதை ஒத்துக்கொள்ளவே இல்லை. எதிராளி சரியாகத் தடுத்திருந்தால் கொடுத்தவர்தான் தோற்றிருப்பார் என்று காட்டியது.

அவர்கள் எல்லாம் செத்து எத்தனையோ காலம். அவர்களுக்கு என்ன போச்சு?

மாதேசன் உயிரோடு இருக்கிறான். அதுதான் சிக்கல்.

பல வருஷத்துக்கு முன் கம்பைநல்லூரில் ஒரு பொங்கல் விளையாட்டுப் போட்டி. செஸ் பைனலில் அவனும் நானும். ராணியால் என் ராஜா பக்கத்துச் சிப்பாயை வெட்டி செக் வைத்தான். ராணியை வெட்டினேன். குதிரையால் மறுபடி செக். ராஜாவுக்கு இரண்டே வழி — பின்னால் மூலை, முன்னால் வெட்டவெளி. மூலைக்குப் போனேன். அடுத்த அடியில் மேட். அவனுக்குப் பரிசு எவர்சில்வர் குடம். இன்றுவரை அதில் யாரையும் தண்ணீர் பிடிக்க விட்டதில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே ஆட்டத்தைக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினான். ராணி அடிக்கு அவனே இரண்டு ஆச்சரியக்குறி போட்டுக்கொண்டான்.

அந்தத் தாளைத்தான் இப்போது நீட்டினான். "நீயே அடுக்கு மச்சான். நான் பாக்கல."

ரோட்டைப் பார்த்து டயர் மேல் உட்கார்ந்துவிட்டான்.

அடுக்கினேன். இன்ஜினுக்கு ரொம்ப நேரம் ஆகவில்லை. பொய் சொல்லலாமா? நினைத்தேன். முடியவில்லை.

"என்னங்குது?" என்றான், திரும்பாமல்.

"தப்புங்குது. ராஜா முன்னால போயிருந்தா நான் ஜெயிச்சிருப்பேன்."

ஒரு கரும்பு லாரி போனது. அது மறைகிற வரை பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்புறம் ஏன் நீ போகல?"

"அந்தக் கட்டம் தெரிஞ்சுது. நீ ராணிய ஓங்கி வெச்ச வேகத்தப் பாத்தேன். நீ கடைசி வரைக்கும் கணக்குப் போட்டுட்டன்னு பயந்துட்டேன்."

திரும்பினான். "எங்க போட்டேன்? கையே நடுங்கிச்சு. அது உனக்குத் தெரியக் கூடாதுன்னுதான் ஓங்கி வெச்சேன்."

இத்தனை வருஷம் கழித்துச் சொல்கிறான்.

இன்ஜின் கட்டத்தைப் பார்க்கிறது. அதுக்கு எதிரில் ஆள் இல்லை. நாம் ஆளைப் பார்த்து ஆடுகிறோம். யோசித்துப் பார்த்தேன்... நான் பயந்து ஒதுங்கிய எத்தனை பேரின் கை உள்ளுக்குள் நடுங்கியதோ?

மாதேசன் என் பேனாவை வாங்கி ஒரு ஆச்சரியக்குறியைக் கோடு போட்டு அடித்தான். இன்னொன்றை விட்டுவிட்டான். அது ஓங்கி வைத்ததுக்காம்.

பிறகு பலகையை விரித்தோம். பாதி ஆட்டத்தில் யானையை ஓங்கி டக்கென்று வைத்து செக் சொன்னான். எனக்குத்தான் இப்போது விஷயம் தெரியுமே. ராஜாவைத் தைரியமாக முன்னால் நடத்தினேன்.

நாலே அடியில் எனக்கு மேட்.

"இது கணக்குப் போட்டது மச்சான்" என்றான்.