மாரி பொறுக்கிய கடலை

கீரமங்கலம் பூ மார்க்கெட்டில் ஆத்மநாதன் இருந்தால் தராசு வேண்டாம் என்பார்கள். கூடையைத் தூக்கிப் பார்த்தே எடை சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்ட ஆள் போன வருஷம் பைக்கில் போகும்போது வேன் இடித்துத் தலைகுப்புற விழுந்தார். பார்வையில் மிஞ்சியது ஊசிக் காது அளவு வெளிச்சம். புத்தியும் தடுமாறிவிட்டது. கையிலிருப்பது சோப்பா பிஸ்கட்டா என்று தெரியாமல் விழித்தார்.

அவர் மனைவி முத்துமாரியம்மாள் விடிகாலையில் மல்லிகை பறிக்கப் போகிறவள். இப்போது வாசலைத் தாண்ட முடியவில்லை. காரணம் மாத்திரை. காலைக்கு உருண்டை, ராத்திரிக்கு நீளம். மாற்றிப் போட்டால் ஆளைச் சாய்த்துவிடும்.

வியாழன்தோறும் சுபஸ்ரீ வருவாள். அடிபட்டவர்களுக்கு வீடு தேடி வந்து பயிற்சி கொடுக்கிற பெண்தான், ஆனால் தெருவுக்கே டாக்டரம்மா. கட்டிலிலிருந்து கக்கூஸ் வரை முடிச்சுப் போட்ட கயிறு கட்டினாள். நிலைப்படியில் மஞ்சள் டேப் ஒட்டினாள். அப்புறம் ஒரு தட்டில் இருபது புளியங்கொட்டையும் இருபது கொண்டைக்கடலையும் கலந்து வைத்தாள். தினமும் அவர் தொட்டுப் பார்த்து இரண்டு கிண்ணத்தில் பிரிக்க வேண்டும், மாரி போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும்.

"இது கைக்கு வந்துட்டா அடுத்து மாத்திரைதான்க்கா. அப்புறம் நீங்க வேலைக்குப் போகலாம்."

கயிற்றைப் பிடித்து நடப்பது வந்துவிட்டது. கடலைதான் வசப்படவில்லை. பாதிக்குப் பாதி தப்பு. மாரிக்கு ஒரு கைப்பழக்கம் உண்டு. தராசுக்குப் போகுமுன் கூடையின் மேலே கிடக்கிற வாடின பூவைப் பொறுக்கி எறிவாள்; கமிஷன் கடைக்காரர் முகம் சுளிக்கக் கூடாதே. அதே கை, போட்டோவுக்கு முன்னால் தப்பான கடலையையும் மாற்றி வைத்தது. பொய் என்று அவளுக்குத் தோன்றவேயில்லை. புருஷனுக்கு மரியாதை என்றுதான் நினைத்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களும் இப்படித்தான் துண்டு துண்டாக மறைக்கிறார்கள் போலும்.

இரண்டு மாதம் கழித்து சுபஸ்ரீ மாத்திரைகளைத் தட்டில் கொட்டி அவர் முன்னால் வைத்தாள்.

"ஒரு மாசமா நாப்பதுக்கு நாப்பது, அண்ணே! இனி நீங்களே எடுத்துப் போட்டுக்கங்க. அடுத்த வாரத்துலேருந்து நான் வரத் தேவையில்ல. ஆலங்குடியில ஒருத்தர் காத்துக்கிட்டிருக்காரு." சொல்லிவிட்டுக் குனிந்து ஃபைலில் எழுதத் தொடங்கினாள்.

ஆத்மநாதன் வாய்விட்டுச் சிரித்தார். அடிபட்ட பிறகு அதுதான் முதல் சிரிப்பு.

"மாரி, நாளைக்கே பூவுக்குப் போ. நான் பாத்துக்கிறேன்." காலை மாத்திரை என்று நீளமானதை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனார்.

மாரி பாய்ந்து கையைப் பிடித்தாள். "டாக்டரம்மா, அது பூராம் நான் பொறுக்கி வச்சது. இவுக சரியாப் பிரிக்கவே இல்ல."

சுபஸ்ரீயின் பேனா நின்றது. ஆத்மநாதன் சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"ஒரு நாள்கூடவா?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதைவிட மாரியே அந்த வேனில் அடிபட்டிருக்கலாம்.

வியாழக்கிழமைகள் தொடர்கின்றன. பத்துக் கொட்டையிலிருந்து மறுபடி ஆரம்பித்திருக்கிறார்கள். சில நாள் அவர் நிஜமாகவே சரியாகப் பிரித்துவிடுகிறார். மாரி எண்ணிப் பார்த்து, நெஞ்சு நிறைந்து, "பத்தும் சரிங்க" என்பாள்.

அவர் தடவித் தடவித் துண்டை எடுத்துக் கிண்ணங்களை மூடுவார்.

"நீ சொல்லாத. அந்தப் புள்ள வரட்டும்."