மெத்தையைப் பற்றி வெர்னா எழுதியது

என் பெயர் ஓடில். கனடா எல்லையை ஒட்டிய டக்கெட் மில்ஸ் பள்ளிச் சமையலறையில் நானும் வெர்னா போலியூவும் இருபத்திரண்டு வருஷமாக ஒன்றாக வேலை பார்க்கிறோம். அவளைப் பற்றி ஊரில் இரண்டு மூன்று விதமாகப் பேசுவார்கள். எல்லாப் பேச்சும் ரெமி காணாமல்போன அந்த நாலு நாளைச் சுற்றித்தான். கூடவே இருந்தவள் நான். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

அது செப்டம்பர் மாதம். பிள்ளைகளும் வயலில் உருளைக்கிழங்கு தோண்டப் போவதற்காகப் பள்ளிக்கு மூன்று வாரம் விடுமுறை விட்டிருந்தார்கள். ஒரு வியாழக்கிழமை காலை, புளூர்ட் சாலையின் கடைசி வீட்டில் கெய்லின் என்ற பெண் குளிக்கப் போனாள். பத்து நிமிஷம் கழித்து வந்து பார்த்தால் பின்கதவு திறந்து கிடந்தது. மூன்று வயது மகள் ரெமியைக் காணவில்லை. புருஷன் தெற்கே மரம் வெட்டும் வேலைக்குப் போயிருந்தான். வீட்டைச் சுற்றி மூன்று பக்கமும் காடு.

கெய்லினுக்கு அப்போது இருபத்து மூன்று வயது. நாங்கள் பரிமாறியதைச் சாப்பிட்டு வளர்ந்தவள்தான்.

தேடுகிறவர்களுக்குச் சாப்பாடு செய்ய மதியத்துக்குள் பள்ளிச் சமையலறையைத் திறந்துவிட்டார்கள். நாங்கள் இருவரும் ரொட்டி அறுத்துக்கொண்டிருந்தோம். கூரைக்கு மேலே ஹெலிகாப்டர் போனது. ஜன்னல்கள் அதிர்ந்தன. வெர்னா கத்தியை நிறுத்தினாள்.

"இது ரெண்டாவது."

"எது?"

"காலைல ஒண்ணு வந்துச்சு. இது வேற. வால்ல மஞ்சக் கோடு இருக்கு." மறுபடி அறுக்க ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, தலையைத் தூக்காமலே சொன்னாள்: "எனக்கு ஒரு நாய்கூட வரலடி ஓடில்."

நான் அடுத்த ரொட்டியை எடுத்து அவள் பக்கம் தள்ளினேன்.

1986 அக்டோபரில் வெர்னாவின் மகன் லூசியன் காணாமல்போனான். ஐந்து வயது முடிய ஒரு மாதம் இருந்தது. அவள் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள், பையன் கொடிக்குக் கீழே விளையாடிக்கொண்டிருந்தான். கடைசிப் போர்வையை மாட்டிவிட்டுத் திரும்பினால் ஆளில்லை. இரண்டு போலீஸ்காரர்கள், ஒரு வனக்காவலர், ஊர் ஆண்கள் முப்பது பேர். கைகோத்துக்கொண்டு காட்டுக்குள் வரிசையாக நடந்தார்கள். ஐந்தாம் நாள் பனி கொட்டியது. கிழங்கு மண்ணுக்குள் உறைந்துவிடும் என்று எல்லாரும் அவரவர் வயலுக்குத் திரும்பிவிட்டார்கள். வாரப் பத்திரிகையில் எட்டு வரி வந்தது. அடுத்த வாரம் அதே இடத்தில் கண்காட்சியில் பரிசு வாங்கிய பன்றியின் படம்.

சர்ச் படிக்கட்டில் கொஞ்ச நாள் பேசினார்கள். வெர்னா வந்தால் நிறுத்திக்கொள்வார்கள். புருஷன் ஆர்மன்டே பையனைக் கனடாவில் யாருக்கோ கொடுத்துவிட்டான் என்றார்கள். அவள் உள்ளே போனில் அரட்டை அடித்துக்கொண்டிருந்தாள் என்றார்கள். பிறகு அதுவும் ஓய்ந்தது. இரண்டு வருஷத்தில் ஆர்மன்ட் கனெக்டிகட் போய் வேறு கல்யாணம் செய்துகொண்டான். அவதூறு பேசவாவது ஆள் இருந்தவரை பையன் எங்கேயோ இருப்பது போல இருந்தது என்று வெர்னா ஒருமுறை என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

ரெமியின் கதை வேறு மாதிரி. வெள்ளிக்கிழமைக்குள் அறுநூறு பேர் வந்து இறங்கிவிட்டார்கள். பக்கத்து மாநிலத்திலிருந்து மோப்ப நாய்கள். பெட்ரோல் பங்க் முழுக்கத் தொலைக்காட்சி வண்டிகள். கம்பத்துக்குக் கம்பம் இளஞ்சிவப்பு ரிப்பன். இணையத்தில் யாரோ ஒரு குழு தொடங்க, ஒரே நாளில் தொண்ணூறாயிரம் பேர் சேர்ந்துவிட்டார்கள். டெக்ஸஸில் இருக்கும் பெண்கள் எங்கள் ஓடைக்கு வரைபடம் போட்டார்கள். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று எங்களுக்கே விளக்கினார்கள். வெர்னாவும் அதில் சேர்ந்தாள். அடுப்பில் சூப் கொதிக்கும், இவள் கண் போனில் இருக்கும்.

வெள்ளி சாயங்காலம் பள்ளி விளையாட்டு அரங்கில் கூட்டம் நடந்தது. நாங்கள் சுவரோரமாகக் காபி ஊற்றிக்கொண்டிருந்தோம். கெய்லின் எங்கள் மேசைக்கும் வந்தாள். வெர்னாதான் அவள் கையில் கோப்பையைக் கொடுத்தாள். பிறகு கெய்லின் மைக் முன்னால் போய் நின்றாள். பேச வரவில்லை. அவளுக்குத் தலை பின்னிவிட்டிருந்த சித்தி, தோளைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

"பின்னல் போட்டுவிட ஆள் இருக்கு பாரு அவளுக்கு," என்றாள் வெர்னா.

"வாய மூடு. குழந்தையத் தொலைச்சுட்டு நிக்கறா."

"நான் என்ன தொலைச்சேன்? குடையையா?"

கூட்டம் முடிந்ததும் ஒவ்வொருவராகப் போய் கெய்லினைக் கட்டிக்கொண்டார்கள். கிழவர் மோரிலும் போனார். எண்பது வயது தாண்டியவர், கைத்தடி ஊன்றி நின்று குலுங்கிக் குலுங்கி அழுதார். லூசியனைத் தேடப் போன முப்பது பேரில் அவரும் ஒருவர். ஐந்தாம் நாள் "என் கிழங்கு போயிடும் வெர்னா" என்று முதலில் கிளம்பியவரும் அவர்தான். வெர்னா அவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கோப்பை நிரம்பி வழிந்து மேசையில் ஓடியது. நான்தான் காபிப் பாத்திரத்தின் குழாயை மூடினேன்.

சாமான் அறைக்குப் போய்விட்டு வருகிறேன் என்றாள். மாவு மூட்டைமேல் உட்கார்ந்து, அந்தக் குழுவில் இப்படி எழுதினாள்: "போன செவ்வாய்க்கிழமை ரெமியின் அம்மா குப்பைக் கிடங்கில் ஒரு குழந்தை மெத்தையைத் தூக்கிப் போட்டதை என் கண்ணால் பார்த்தேன். அவசரமாகப் போட்டுவிட்டுப் போனாள். வேறொன்றும் சொல்வதற்கில்லை."

அத்தனையும் உண்மை. குழந்தை நனைத்த மெத்தை என்பது பிள்ளை வளர்த்த யாருக்கும் தெரியும். வெர்னாவுக்கும் தெரியும்.

சனிக்கிழமை காலை அதைப் படித்துப் பதினோராயிரம் பேர் பதில் போட்டிருந்தார்கள். கறை இருந்ததா, என்ன நிறம், காரில் வேறு யார் இருந்தார்கள் என்று ஆளாளுக்குக் கேள்வி. வெர்னாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததே இல்லை.

"எத்தனை பேர் என்னைக் கேக்கறாங்க தெரியுமா?"

"நீ என்ன பண்ணியிருக்கேன்னு தெரியுதா உனக்கு?"

"பொய்யா சொன்னேன்?"

ஓஹையோவிலிருந்து டஸ்டின் என்று ஒருவன் கூப்பிட்டான். காணாமல்போனவர்களைப் பற்றி வீடியோ போடுகிறவனாம். சாமான் அறையில் நாற்பது நிமிஷம் அவனோடு பேசினாள். கதவு சாத்தியிருந்தாலும் எனக்குக் கேட்டது. மெத்தையைப் பற்றிக் கேட்டு முடித்ததும், உங்களுக்கும் பிள்ளைகள் உண்டா என்று கேட்டிருப்பான் போல. அவள் லூசியனைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். நீல ரப்பர் பூட்ஸ், இடது வலது மாற்றிப் போட்டிருந்தது. கையில் வெண்ணெய் தடவிய ரொட்டி. கொடிக்குக் கீழே அவன் பாடிக்கொண்டிருந்த பாட்டு. இத்தனை வருஷம் பக்கத்தில் நின்ற எனக்குச் சொல்லாததையெல்லாம் முகம் தெரியாத ஒருவனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கும் உள்ளே சுருக்கென்றது. அதை மறைக்க மாட்டேன்.

மதியம் வீடியோ வந்துவிட்டது. ஒன்பது நிமிஷம். முழுக்க மெத்தைதான். வெர்னா முதல்முறை நின்றுகொண்டு பார்த்தாள். இரண்டாவது முறை உட்கார்ந்து பார்த்தாள்.

"லூசியனை வெட்டிட்டான்," என்றாள்.

அந்த வீடியோவுக்கு அப்புறம் போலீஸுக்கு ஓயாமல் போன். குப்பைக் கிடங்கைத் தோண்டாமல் என்ன செய்கிறீர்கள் என்று நாடு முழுவதிலுமிருந்து கேட்டார்கள். தேடுகிறவர்களில் பாதிப் பேரையும் எல்லா நாய்களையும் குப்பைக் கிடங்குக்கு மாற்றினார்கள். சனி மதியமும் ஞாயிறு காலையும் தோண்டினார்கள். மெத்தை கிடைத்தது. வாத்துப் படம் போட்டது, மூத்திரக் கறையோடு. வேறு ஒன்றும் இல்லை. கெய்லினை ஒரு அறையில் உட்காரவைத்து ஆறு மணி நேரம் கேள்வி கேட்டார்கள்.

ஞாயிறு மதியம், ஹாலிஸ் என்ற விவசாயி தன் தாத்தா காலத்துக் கிழங்குக் கிடங்குக்குப் பழைய பீப்பாய் எடுக்கப் போனார். மேட்டுச் சரிவில் பாதி மண்ணுக்குள் இருக்கும் கட்டடம், பல வருஷமாகப் பூட்டிக் கிடப்பது. கீழ்க்கதவில் ஒரு பலகை பெயர்ந்திருந்தது. உள்ளே சாக்குக் குவியல்மேல் ரெமி சுருண்டு கிடந்தாள். உதடு வெடித்திருந்தது, கண் திறக்க முடியவில்லை. ஆனால் மூச்சு இருந்தது.

அந்தக் கிழங்குக் கிடங்கு சனிக்கிழமை மதியமே பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலில் இருந்தது என்று தொலைக்காட்சியில் சொன்னார்கள். ஆட்கள் குப்பைமேட்டுக்குப் போய்விட்டதால் பார்க்கவில்லை.

செய்தி வந்ததும் சமையலறையில் எல்லாரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். வெர்னா தொட்டி முன்னால் நின்றிருந்தாள். குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

"உசிரோடவா?"

"உசிரோடதான்."

குழாயை மூடினாள், கோட்டை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன். குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

"சந்தோஷப்படணும்னு பாக்கறேன்டி. வர மாட்டேங்குது. அவளுக்குக் கிடைச்சிருச்சு. மூணு நாள் கழிச்சுக் கிடைச்சிருச்சு. எனக்கு ஒரு பூட்ஸுகூடக் கிடைக்கல."

பத்து நாள் கழித்து, கெய்லின் வீட்டுக்குக் கூட்டிப்போ என்றாள். நான் வண்டி ஓட்டினேன். கெய்லின் வாசலுக்கு வந்தாள், உள்ளே கூப்பிடவில்லை. குழந்தை தூங்குகிறது என்று மெதுவாகச் சொன்னாள்.

"அதை எழுதினது நான்தான்," என்றாள் வெர்னா.

"தெரியும் மிஸ் வெர்னா. உங்க பேர்லதானே எழுதினீங்க."

"மெத்தையப் பாத்தது நெசம்."

"நெசம்தான். ஆறு தடவை கழுவிக் காயவெச்சேன். ஏழாவது தடவை எனக்குத் தெம்பு இல்ல. என்னையே கேட்டிருக்கலாமே. அதே ஹால்லதானே இருந்தேன். உங்க கையாலதானே காபி வாங்கினேன்."

வெர்னா ஒரு படி கீழே இறங்கி நின்றாள்.

"ஒண்ணு கேக்கறேன். என் பொண்ணு கிடைக்கக்கூடாதுன்னு நெனச்சீங்களா?"

இல்லை என்று சொல்லிவிடு என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன்.

"குழந்தைக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுன்னுதான் நெனச்சேன்," என்றாள் வெர்னா. "ஆனா உனக்கு மட்டும் கிடைச்சிடக்கூடாதுன்னு நெனச்சேன்."

கெய்லின் அவளை வெகுநேரம் பார்த்தாள். கோபம் இருந்த மாதிரி தெரியவில்லை, களைப்புதான் இருந்தது. "நீங்க போங்க," என்றாள். கதவைச் சாத்தி, தாழ்ப்பாளை ஒவ்வொன்றாகப் போட்டாள். மூன்று தாழ்ப்பாள், மூன்றும் புதுசு.

அந்தக் குழுவில் யாரும் கெய்லினிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. நாடகம் என்றார்கள், விளம்பரத்துக்காக ஒளித்துவைத்தாள் என்றார்கள். பிறகு அதுவும் சலித்துப்போயிற்று. ஜனவரியில் டெக்ஸஸ்காரி ஒருத்தி பழைய வாரப் பத்திரிகையிலிருந்து அந்த எட்டு வரியைத் தேடி எடுத்துவிட்டாள். "1986. அம்மா பெயர் வெர்னா போலியூ. மெத்தையைப் பற்றி எழுதிய அதே பெண்தானே?"

ஒரு மாதம் முழுக்க லூசியனைப் பற்றித்தான் பேச்சு. வெர்னாவின் வீட்டை மேலிருந்து எடுத்த படத்தில் வட்டம் போட்டார்கள். கிணறு எங்கே இருந்தது, போர்வை மாட்ட அவ்வளவு நேரமா, அடுத்தவள்மேல் பழி போட்டவள் எதை மறைக்கப் பார்த்தாள் என்று போனது. மதிய இடைவேளையில் வெர்னா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒன்று விடாமல் படித்தாள்.

"உன்னைக் கொலைகாரின்னு எழுதறாங்க. எதுக்குடி படிக்கறே?"

"முப்பத்தேழு வருஷமா அவனப் பத்தி இவ்வளவு பேர் பேசினதில்ல." பக்கத்தைத் தள்ளினாள். "படிக்கவும் முடியல. படிக்காம இருக்கவும் முடியல."

அந்தப் பேச்சால் ஒரு நல்லது நடந்தது. சின்ன வயசு அதிகாரி ஒருத்தி வெர்னாவின் வீட்டுக்கு வந்து டி.என்.ஏ. சோதனைக்கு எச்சில் மாதிரி எடுத்தாள், பூட்ஸ் நிறம் உட்பட எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். வசந்தத்தில் பழைய கிணற்றையும் ஓடையின் மேல்பக்கத்தையும் நாய்களை வைத்துப் பார்த்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. இதுவரைக்கும் இல்லை.

ரெமி இப்போது எங்கள் பள்ளியில்தான் படிக்கிறாள். சின்னப் பிள்ளைகள் வகுப்பு சாப்பிட வரும்போது வெர்னா தட்டுக் கழுவப் பின்னறைக்குப் போய்விடுவாள். நான்தான் பரிமாறுவேன். போன மாதம் பல் வைத்தியரிடம் போனதால் நான் ஒரு நாள் லீவு. வெர்னா தனியாகப் பரிமாறியிருக்கிறாள். மறுநாள் கேட்டேன்.

"ரெமி வந்தாளா?"

"வந்தா."

"என்ன பண்ணினே?"

"பட்டாணி வேண்டாம்னா. போடல." தட்டுகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டே சொன்னாள். "முன்பல்லு ஆடுதுன்னு நாக்கால தள்ளித் தள்ளிக் காட்டினா. லூசியனுக்கு ஒரு பல்லுகூட ஆடல. அதுக்குள்ள போயிட்டான்."

நான் அவள் கையைப் பிடித்தேன்.

"இன்னும் எரியுதுடி ஓடில்," என்றாள்.

மணி அடித்தது. பிள்ளைகள் வரும் சத்தம் கேட்டது. வெர்னா ஈரத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னறைக்குப் போனாள். நான் கரண்டியை எடுத்துக்கொண்டேன்.