கண்ணாடிக்குள் ஓடிய சீனச் சானல்

தி. நகரில் நான் முடி வெட்டிக்கொள்ளும் பார்லர் ஆன்ட்டியின் தாத்தா சீனாவிலிருந்து வந்தவராம். ஆன்ட்டிக்கு முகம்தான் சீனம். பேச்சு சுத்த மெட்ராஸ். என் முடியை வெட்டும்போதெல்லாம், எதிர்க் கண்ணாடியில் தெரியும் டிவியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். டிஷ்ஷில் வரும் சீனச் சானல். அன்று அதில் பாட்டுப் போட்டி.

நான் போனில் சீனம் படிக்கத் தொடங்கியிருந்த சமயம். சும்மா இருப்பேனா?

“கண்ணாடியில எழுத்தெல்லாம் திரும்பித் தெரியுமே ஆன்ட்டி, எப்படிப் படிப்பீங்க?”

“நேரா இருந்தா மட்டும் படிச்சுக் கிழிச்சுடுவேனா? எனக்கு அந்த பாஷையே தெரியாதும்மா. இப்போ பாடறது எங்க அக்கா பொண்ணு. தைவான்ல கீறாங்க.”

“ஜெயிச்சா அக்காவே போன்ல சொல்லுவாங்கல்ல?”

“எங்களுக்குள்ள பேச்சு நின்னு பல வருசம் ஆச்சு. அவ பாடறதே சொந்தக்காரங்க சொல்லித்தான் தெரியும். நீ தலைய ஆட்டாத.”

அந்தப் பெண் பாடி முடித்தாள். நடுவர் சொன்னதில் எனக்கு இரண்டே சொற்கள் பிடிபட்டன. அது போதாதா?

“ஆன்ட்டி, ஃபைனலுக்குப் போயிட்டா!” என்று கத்தினேன்.

“யாரு?”

கத்தரி நின்றிருந்தது. திரையில், கூட்டத்துக்கு நடுவே ஓர் அம்மாள் கைதட்டிக்கொண்டிருந்தார். அப்படியே ஆன்ட்டியின் முகம்.

“காதாண்ட எப்டி கோணலா வெட்டி வுட்டுக்கீறாங்க பாரு,” என்றார் ஆன்ட்டி. “அப்பல்லாம் அக்கா என்னைத் தவிர யாருகிட்டயும் தலைய குடுக்க மாட்டா.”

காட்சி மாறியது. அதன்பின் என் காதோரத்தை வெகுநேரம் சரிசெய்துகொண்டே இருந்தார். இத்தனை கேள்வி கேட்கும் நான், அவர்களுக்குள் என்ன சண்டை என்பதை மட்டும் இன்றுவரை கேட்கவில்லை.