ஆள் ஏறாமல் வான் போகாது

இந்த நாட்டில் பஸ் வெறுமையாகப் போகிறது. டொராண்டோவுக்கு வந்து ஏழு வருடமாகியும் எனக்கு இது பழகவில்லை. ஒரு சனம் இல்லாமல், உள்ளே விளக்கு மட்டும் எரிய, சொன்ன நேரத்துக்குப் புறப்பட்டுப் போகிறது. ஓட்டுகிறவன் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஆள் கூப்பிட ஒருவரும் இல்லை. முதல் தடவை கண்டபோது எனக்குக் கோபம்தான் வந்தது. பஸ்ஸை வைத்துக்கொண்டு வாயை மூடியிருக்கிற மனுசரை நான் அதற்கு முதல் கண்டதில்லை.

என் வாயாலேயே நான் பிழைத்தவன். எண்பத்து மூன்று கலவரத்தில் கடைகளை எரியக் கொடுத்துவிட்டுத் எங்கள் தீவுப்பகுதிச் சனமெல்லாம் தெற்கிலிருந்து ஊருக்குத் திரும்பிய காலம். யாழ்ப்பாணத்துக்கும் குறிகட்டுவான் படகுத்துறைக்கும் இடையில் ஓடிய தனியார் வான் ஒன்றில் கொண்டக்டராக ஏறினேன். காணி உள்ள வீட்டுப் பிள்ளை வான் கதவில் தொங்குகிறது என்று அப்பா என்னோடு ஒரு மாதம் பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும் என்று நான் தொங்கினேன். பின்னால் இன்னொரு வான் உறுமிக்கொண்டு நிற்கும். அவன் சனத்தைப் பிடிக்க முதல், நான் ஒரே மூச்சில் பாதை முழுவதையும் சொல்லி முடிக்கவேண்டும். "பண்ணை, மண்டைதீவுச்சந்தி, அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை, மடத்துவெளி, இறுப்பிட்டி, குறிகட்டுவான், நயினாதீவுப் போட்டைப் பிடிக்கலாம், ஏறுங்கோ, இருந்து போகலாம்!" உட்கார்ந்து போகலாம் என்கிற அந்த வார்த்தை பச்சைப் பொய். உள்ளே ஒற்றைக்காலை ஊன்றவே இடம் இராது. ஏறினவர்களுக்கும் அது தெரியும்.

இன்றைக்கு இங்கே என்னை ராப் பாடகன் என்கிறார்கள். கல்யாணத்துக்கும், பிள்ளை பெரியவளான சாமத்தியவீட்டுக்கும் அறிவிப்பாளன் என்கிறார்கள். ஒலிபெருக்கியும் மண்டபச் சோடனையும் வாடகைக்கு விடுவதால் தொழிலதிபர் என்றும் பத்திரிகையில் போடுகிறார்கள். இவன் எங்கே படித்தான் என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் பதில். வான் கதவில் படித்தேன்.

இங்கே எனக்குக் கிடைத்த முதல் வேலை ஒரு உணவகத்தில் கோப்பை கழுவுவது. பக்கத்தில் நின்று கழுவியவன் டெஸ்மண்ட், ஜமேக்காக்காரன். கழுவிக்கொண்டே வாய்க்குள் ராப் சொல்லுவான். சட்டியில் தட்டுவான். ஒருநாள் அந்தத் தட்டலுக்கு என் வாய் தானாகத் திறந்துவிட்டது. பண்ணையில் தொடங்கிக் குறிகட்டுவான்வரை ஒரே மூச்சில் போய் நின்றேன். திரும்பிப் பார்த்தால் அவன் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு நிற்கிறான்.

"உன் ஆட்களா? எல்லாரும் செத்துவிட்டார்களா?" என்று கேட்டான்.

"ஆட்கள் இல்லையடா, ஊர்கள். பஸ் நிற்கிற இடம்."

"பிறகு ஏன் இந்தக் கத்தல்?"

"ஆள் ஏறாமல் வான் போகாது."

அவனுக்கு விளங்கவில்லை. ஆனால் தொப்பியைப் போட்டுக்கொண்டு, "இன்னொருக்கால் சொல்லு" என்று சட்டியைக் கவிழ்த்துத் தாளம் பிடித்தான். எங்கள் முதல் பாட்டு அந்தக் குசினியில்தான் பிறந்தது. பிறகு வீடுகளின் நிலவறைகளில் பாடினோம். கசெட் அடித்தோம். தமிழ்ப் பெடியள் அதைக் காரில் போட்டுக்கொண்டு திரிந்தார்கள்.

அந்த நாட்களில் ஊரில் தீவுப்பகுதி அரசாங்க நேவியின் கைக்குப் போயிருந்தது. தீவுகளை யாழ்ப்பாணத்தோடு இணைக்கிற பண்ணைப் பாதை மூடியாயிற்று. சனம் கையில் கிடைத்ததோடு யாழ்ப்பாணப் பக்கம் ஓடிவிட்டது. நான் கூப்பிட்ட ஊர்களில் இறங்க ஆள் இல்லை. இங்கே எங்கள் ஊர்ச்சங்கம் கலைவிழா வைத்தது. அதில் பாடவேண்டும் என்று தலைவரைப் போய்க் கண்டேன். அவரும் தெற்கே காலி நகரத்தில் கடை வைத்திருந்து எரியக் கொடுத்தவர்.

"நீர் இறுப்பிட்டிப் பெடியன் என்ன? குறிகட்டுவான் வானிலை தொங்கினனீர்."

"ஓம் அண்ணை. உங்களையும் ஏத்தினனான். இருக்க இடமில்லை எண்டு கடைசிமட்டும் ஏசிக்கொண்டு வந்தனீங்கள்."

அவர் சிரிக்கவில்லை. "நல்ல பக்திப்பாட்டு ஒண்டு பாடும். உந்தக் கொண்டக்டர் கத்தல் மேடைக்கு வேண்டாம். அந்தக் கறுவலையும் கூட்டிக்கொண்டு வரவேண்டாம்."

"அவன்தான் அண்ணை தாளம்."

"அப்ப ஏலாது. எங்கட பிள்ளையள் பழுதாப்போகும்."

எனக்குத் தலை சூடேறியது. தமிழன் என்று சொல்லி இவருடைய கடையைக் கொளுத்தினார்கள். இங்கே வந்து நாலு குளிர்காலம் கண்டவுடன், அந்தக் கொளுத்தினவர்களின் வாயை இவர் வாங்கி வைத்துக்கொண்டார். "உங்கட மேடையை நீங்களே வைச்சுக்கொள்ளுங்கோ அண்ணை" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நாங்களே பாடவென்று ஒரு பள்ளிக்கூட மண்டபத்தை நானும் டெஸ்மண்டும் வாடகைக்கு எடுத்தோம். தலைவர் வீடு வீடாகப் போன் எடுத்து, போகவேண்டாம் என்று சொல்லியிருந்தார். மண்டபம் வெறுமையாகக் கிடந்தால் எங்கள் கதை முடிந்தது. டெஸ்மண்ட் அதற்காக வேலையையே விட்டிருந்தான். "உன் சனம் என்னைப் பார்க்க வராது. நீ தனியே பாடு" என்றான். "வாயை மூடடா" என்றேன்.

எங்கள் நிகழ்ச்சியன்று காலையில் தமிழ்க் கடைகள் உள்ள தெருவுக்குப் போனேன். பனி முழங்கால் மட்டும். கடை வாசலில் நின்று இரண்டு கையையும் வாயில் குவித்து, பழைய குரலில் கூப்பிட்டேன். "பண்ணை, மண்டைதீவுச்சந்தி, அல்லைப்பிட்டி... பின்னேரம் பள்ளிக்கூட மண்டபம், வாங்கோ, இருந்து பாக்கலாம்!" ஒரு வெள்ளைக்காரக் கிழவி நின்று, என் நாய் தொலைந்துவிட்டதா என்று அன்பாகக் கேட்டாள். இல்லை என்றேன். அவளும் சேர்ந்து தேடுவதாகச் சொல்லி, கார்களுக்குக் கீழே குனிந்து பார்த்தாள். கடைக்குள்ளிருந்து மரக்கறிப் பையோடு வந்த ஒரு மனுசி, "எட, இது எங்கட வான்காரப் பெடியன்! இப்பவும் பொய்தான் சொல்லுறியோ, இருக்க இடம் கிடக்கோ?" என்றாள். "சத்தியமாக் கிடக்கு அக்கா, எல்லாம் கதிரை" என்றேன். தொண்டை கிழியும் மட்டும் கூப்பிட்டேன்.

பின்னேரம் மண்டபத்தில் கதிரை போதவில்லை. டெஸ்மண்ட் தாளத்தைத் தொடங்கினான். நான் பண்ணையிலிருந்து புறப்பட்டேன். அல்லைப்பிட்டி என்றதும் பின் வரிசையிலிருந்து கைப்பிள்ளையோடு ஒருத்தி எழும்பி, "இறக்கம்!" என்று கத்தினாள். எங்கள் பக்கத்தில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லுகிற சொல் அதுதான். எல்லாரும் சிரித்தார்கள். மண்கும்பான் என்றேன். "இறக்கம்!" வேலணைக்கு ஐம்பது குரல். யாரும் சிரிக்கவில்லை இப்போது. ஊருக்கு ஊர் எழும்பினார்கள். எழும்பினவர்கள் திரும்பக் கதிரையில் இருக்கவில்லை. குறிகட்டுவான் வந்தபோது மண்டபம் முழுவதும் நின்றுகொண்டிருந்தது. இறங்கிவிட்டோம் என்று சொன்ன அவ்வளவு சனமும் கோட்டும் சப்பாத்தும் போட்டபடி என் முன்னால்தான் நின்றது.

பாட்டு அதோடு முடியவேண்டும். டெஸ்மண்டுக்கு அது தெரியவில்லை, அல்லது தெரிந்தும் அவன் விடவில்லை. தட்டிக்கொண்டே என்னைப் பார்த்தான். என்னிடம் ஊர் முடிந்துவிட்டது. மூச்சை இழுத்தேன். "விக்டோரியா பார்க், வார்டன், கென்னடி!" என்றேன். இங்கே எங்கள் சனம் அடைந்து கிடக்கிற பகுதிகளின் ரயில் நிலையங்கள். சனம் திகைத்துப்போய் என்னைப் பார்த்தது. தாளம் மட்டும் கேட்டது. நான் நிறுத்தவில்லை. மறுபடியும் சொன்னேன். வார்டன் என்றபோது அந்தக் கைப்பிள்ளைக்காரி, முதலில் அல்லைப்பிட்டிக்கு எழும்பியவள், கையை மெல்லத் தூக்கினாள்.

"இறக்கம்" என்றாள்.